பழைய கார், மறுக்கப்பட்ட வாரண்டி, ஏற்காடு மலைப்பாதை: மூன்றாண்டு அனுபவம்

2022-ஆம் ஆண்டு சேலத்தில் ஒரு பழைய கார் விற்பனை நிலையத்தில், 2017 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை ₹4.20 லட்சத்துக்கு வாங்கினேன். ஓராண்டு அல்லது 15,000 கிலோமீட்டர், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பொறுப்பேற்பதாகச் சொல்லும் வாரண்டிச் சான்றிதழையும், எல்லாக் கட்டங்களிலும் டிக் அடிக்கப்பட்ட ஒரு பரிசோதனை அறிக்கையையும் சாவியுடன் சேர்த்துக் கொடுத்தார்கள். வாரண்டி தருவது விற்பனை நிலையம் அல்ல, வெளியூரில் உள்ள வேறொரு நிறுவனம் என்பது சான்றிதழின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. காரைப் பற்றிச் சொல்வதைவிட இந்த இரண்டு தாள்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

நான் குடியிருப்பது கன்னங்குறிச்சியில், வேலை ஏற்காட்டில். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தை எட்டும் அந்தப் பாதை, எஞ்சினின் குளிரூட்டும் அமைப்புக்கு வைக்கப்படும் தேர்வு என்றே சொல்ல வேண்டும். இரண்டாவது கியரில் வேகம் குறைவாகவும் சுழற்சி அதிகமாகவும் இருக்கும். ரேடியேட்டருக்கு எதிர்காற்று கிடைக்காது. எஞ்சின் வெளியேற்ற வேண்டிய வெப்பமோ சமதளத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் ஐந்து ரோட்டிலும் சூரமங்கலத்திலும் ஓட்டிப் பார்க்கும்போது தலைகாட்டாத கோளாறு, மலையில் சில வளைவுகளுக்குள் வெளிப்பட்டுவிடுகிறது.

என் காரில் அந்தக் கோளாறு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைவதில் தொடங்கியது. தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆனாலும் ரிசர்வ் டேங்கில் மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தது. விற்பனை நிலையத்தில் சொன்னபோது, "ஏர் லாக்குங்க சார், போகப் போகச் சரியாயிடும்" என்று நிரப்பி அனுப்பினார்கள். செய்த வேலையைப் பதிவுசெய்யும் ஜாப் கார்டு கேட்டதற்கு, இவ்வளவு சிறிய வேலைக்கு அதெல்லாம் போடுவதில்லை என்றார்கள். செய்த வேலையைக் குறிப்பிட்டு நானே அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினேன்; "ஓகே சார்" என்று பதில் வந்தது. பின்னாளில் வழக்கில் அந்த ஒரு வரியும் ஓர் ஆவணமாக இணைக்கப்பட்டது.

சில வாரங்கள் கழித்து, பாதி மலை ஏறியிருந்த நிலையில் வெப்ப முள் சட்டென்று சிவப்புக்குப் போய், எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. அடுத்து வந்த அகலமான ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, ரெக்கவரி வண்டி வரவழைத்துக் காரை இறக்கினேன். எங்கள் பகுதி மெக்கானிக் எஞ்சினில் கை வைக்கவே மறுத்துவிட்டார். "ஹெட்டைப் பிரிச்சுட்டா நாளைக்கு நாமதான் கெடுத்தோம்னு சொல்லுவாங்க. அவங்க ஆள் வந்து பார்க்கற வரைக்கும் அப்படியே இருக்கட்டுங்க" என்றார். பிரிக்காமல் செய்யக்கூடிய இரண்டு சோதனைகளை மட்டும் செய்தார். ரேடியேட்டர் வாயிலிருந்து உறிஞ்சிய காற்றை நீலநிறச் சோதனைத் திரவத்தில் செலுத்தியபோது அது மஞ்சளாக மாறியது. எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசிகிறது, அதாவது எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். அடுத்து ஸ்கேனரை மாட்டி, காரின் கணினியில் பதிவாகியிருந்த அனைத்தையும் படமெடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பதிவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இவை இருப்பதே தெரியாது. கோளாறு பதிவாகும் கணத்தில் எஞ்சினின் வெப்பம், சுழற்சி, பளு, வண்டியின் வேகம் ஆகியவற்றைக் கணினி உறையவைத்துச் சேமிக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்தபின் வண்டி எவ்வளவு தூரம் ஓடியது, கோளாறுக் குறியீடுகள் கடைசியாக அழிக்கப்பட்டபின் எவ்வளவு தூரம் ஓடியது என்ற இரண்டு கணக்குகளும் அதில் இருக்கின்றன. என் காரில் பி0217 என்ற அதிவெப்பக் குறியீடு பதிவாகியிருந்தது. விளக்கு எரிந்தபின் ஓடிய தூரம் 1 கிலோமீட்டர் என்று காட்டியது. குறியீடுகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரமோ, கார் என் கைக்கு வந்தபின் ஓடிய தூரத்தைவிடச் சற்றே அதிகம். அதாவது விற்பதற்குச் சற்று முன்புதான் யாரோ நினைவகத்தைத் துடைத்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது கணக்கை நான் பெரிய ஆதாரமாக நினைத்தேன், ஆனால் அது அவ்வளவு உறுதியானதல்ல. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் அந்தக் கணக்கு பூஜ்யமாகிவிடும். புதுப் பேட்டரி போட்டோம் என்று விற்பனை நிலையத்தார் பில்லைக் காட்டியதும் அந்த வாதம் வலுவிழந்தது. விளக்கு எரிந்ததும் நான் நிறுத்திவிட்டேன் என்று காட்டும் முதல் கணக்கை மட்டும் அவர்களால் அசைக்க முடியவில்லை.

வாரண்டி நிறுவனத்தின் ஆய்வாளர் வந்து பார்த்துச் சென்றபின் தொலைபேசியில் மறுப்பு வந்தது: அதிவெப்பத்திலும் தொடர்ந்து ஓட்டியதால் ஏற்பட்ட சேதமாம். எதையும் வாதிடாமல், காரணத்தையும் அதற்குரிய விதி எண்ணையும் மின்னஞ்சலில் அனுப்பும்படி மட்டும் கேட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகாரைப் பதிந்தேன். அந்த அமைப்புக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும், அவ்வளவுதான். ஆனால் எனக்குத் தேவைப்பட்டதும் எழுத்தில் ஒரு பதில்தான். அந்தப் பதிலில் காரணம் மாறியிருந்தது: கேஸ்கெட் தேய்மான உதிரிபாகம், ஆகவே வாரண்டியில் சேராது என்றார்கள். ஸ்கேனர் பதிவுகளை அனுப்பியபின் வந்த மூன்றாவது கடிதத்தில், இது வாங்குவதற்கு முன்பே இருந்த கோளாறு என்று எழுதியிருந்தார்கள்.

வழக்கு என் பக்கம் திரும்பியது அந்த மூன்றாவது கடிதத்தால்தான். வாங்குவதற்கு முன்பே கோளாறு இருந்தது என்றால், "குளிரூட்டும் அமைப்பு: நன்று" என்று டிக் அடித்த பரிசோதனை அறிக்கை பொய். அறிக்கை உண்மையென்றால், கோளாறு வாரண்டிக் காலத்தில் வந்திருக்க வேண்டும். இரண்டு தாள்களும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை. ஆர்.சி. என் பெயருக்கு மாறியிருந்ததால், காரைத் தயாரித்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தில் சேசிஸ் எண்ணைக் கொடுத்து முந்தைய சர்வீஸ் வரலாற்றை வாங்க முடிந்தது. முந்தைய உரிமையாளர் காலத்திலேயே, அடுத்தடுத்த சர்வீஸ்களில் கூலன்ட் குறைவு என்ற புகார் அதில் பதிவாகியிருந்தது. நான் பெற்ற அதே தாளை விற்பனை நிலையமும் காரை வாங்கும்போது பெற்றிருக்க முடியும்.

வக்கீல் நோட்டீஸுக்குப் பயனில்லாமல் போனதும் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; சான்றிதழில் எந்த ஊர் நீதிமன்றத்தின் பெயரை அச்சடித்திருந்தாலும் அதற்காக ரயில் ஏற வேண்டியதில்லை. ஆணையத்தின் வரம்பு கணக்கிடப்படுவது நம் இழப்பை வைத்தல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்து. 2021 டிசம்பர் விதிகளின்படி மாவட்ட ஆணையத்தின் வரம்பு ₹50 லட்சம்; 2020 விதிகளின்படி ₹5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. புகார் கொடுக்க இரண்டாண்டு அவகாசம் உண்டு. விற்பனை நிலையம், வாரண்டி நிறுவனம் ஆகிய இருவரையும் எதிர்தரப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று வழக்கறிஞர் வலியுறுத்தினார். ஒருவரை விட்டால் இருப்பவர் விட்டவரைக் கை காட்டிவிடுவார். வாடகைக் கார் ஓட்டுபவர்களும், சொந்தப் பிழைப்புக்காகத் தாமே ஓட்டும் வண்டி என்றால், இதே சட்டத்தின் கீழ் நுகர்வோர்தான். தனிநபர் ஒருவர் தன் சொந்தக் காரை விற்றால் அவர் வணிகர் அல்ல. அங்கே இந்தச் சட்டம் கைகொடுக்காது.

எதிர்தரப்பினர் பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வாரண்டி நிறுவனம் கடைசி நேரத்தில் தாக்கல் செய்தது. விற்பனை நிலையம் தவறவிட்டது. ஆய்வு தேவைப்படாத புகாரை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தாக்கள் அதைவிட நீளமாகத்தான் போகின்றன, இங்கும் அப்படியே போயின. இதற்கிடையே, இரு தரப்புக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு, ஆய்வுக்குக் காரைக் காட்டத் தயார் என்று ஒரு கெடுவும் கொடுத்தபின், சுமார் ₹46,000 செலவில் எஞ்சினைச் சரிசெய்தேன். வளைந்திருந்த சிலிண்டர் ஹெட்டை லேத்தில் சமப்படுத்தியதற்கும் கூலிக்கும் ஆன தொகையோடு பார்த்தால் கேஸ்கெட்டின் விலை சொற்பம். ஹெட் வாரண்டியில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்த பாகம். கழற்றிய கேஸ்கெட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வழக்கு சமரசத்துக்கு அனுப்பப்பட்டது. ஹெட்டுக்கு மட்டும் பணம் தருவதாகத் தொடங்கியவர்கள், கடைசியில் பழுதுச் செலவு முழுவதையும் இருவரும் பகிர்ந்து தர ஒப்புக்கொண்டார்கள். மன உளைச்சலுக்கோ, கார் இல்லாத காலத்தில் ஆன போக்குவரத்துச் செலவுக்கோ ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. தீர்ப்பு வரை போயிருந்தால் கிடைத்திருக்கலாம். மேல்முறையீடு, மீண்டும் வாய்தா என்று இழுப்பதைவிட இது போதும் என்று கையெழுத்திட்டேன். வழக்கறிஞருக்கு அதில் முழுத் திருப்தி இல்லை.

கார் இன்று எப்படி இருக்கிறது என்றால், நன்றாக இருக்கிறது. பழுதுக்குப் பின் மலைப்பாதையில் கூலன்ட் மட்டம் நூலளவும் இறங்கவில்லை. ஏற்றத்தில் ஏ.சி. போட்டாலும் வெப்ப முள் நடுவில் நிற்கிறது. இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வருவதால் பிரேக் பேட் எதிர்பார்த்ததைவிட நீடிக்கிறது. கிளட்ச் சென்ற ஆண்டு தேய்ந்தது. மலையில் ஓடும் வண்டிக்கு அது நியாயமான தேய்மானம் என்பதால் சொந்தச் செலவில் மாற்றினேன்.

அதே வாரண்டி நிறுவனத்திலிருந்து நீட்டிப்புக்கு அழைப்பு வந்தது. புதிய விதிகளை முதலில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்கள். முன்பு "தேய்மான உதிரிபாகங்கள்" என்று பொதுவாக இருந்த இடத்தில், இப்போது ஹெட் கேஸ்கெட் பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருந்தது. ஹெட்டும் அதனோடு சேர்க்கப்பட்டிருந்தது. பணம் கட்டவில்லை.