நிலக்கரியா, எரிவாயுவா: எந்தக் கணக்கை நம்புவது?

உலக எரிசக்திப் பயன்பாட்டில் முதலிடம் கச்சா எண்ணெய்க்குத்தான், ஏறக்குறைய 30 விழுக்காடு. நிலக்கரி கால் பங்குக்குச் சற்று மேல். ஆனால் எரிபொருள்கள் கக்கும் கரியமில வாயுவில் 40 விழுக்காட்டுக்கும் மேல் நிலக்கரியின் தலையில்தான் விழுகிறது.

காரணம் எளிது. நிலக்கரியில் எரிவது பெரும்பாலும் கரிமம். எரிவாயுவின் மீத்தேனில் ஒரு கரிம அணுவுக்கு நான்கு ஹைட்ரஜன் அணுக்கள். ஹைட்ரஜன் எரிந்தால் நீராவியோடு போய்விடும். ஒரு ஜிகாஜூல் வெப்பத்துக்கு நிலக்கரி சுமார் 95 கிலோ கரியமில வாயுவை வெளியிடும். எண்ணெய் 73, எரிவாயு 56. மின்நிலையத்துக்குள் போனால் இடைவெளி இன்னும் விரிகிறது. நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு 900 கிராம் அளவில் வெளியேறும். வீணாகும் சூட்டிலும் நீராவி எடுத்து மறுபடி மின்சாரம் தயாரிக்கும் நவீன எரிவாயு நிலையத்தில் அது 400 கிராமுக்குள் அடங்கிவிடும். எண்ணெய் இந்தப் போட்டியிலேயே இல்லை. அதன் ராஜ்யம் சாலையும் கடலும் வானமும்.

அப்படியானால் எரிவாயுவுக்கு மாறிவிடலாமே என்பார்கள். புகைபோக்கியை மட்டும் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு அது. எரியாமல் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 80 மடங்கு சூடேற்றும். கிணற்றிலும் குழாயிலும் சில விழுக்காடு கசிந்தாலே எரிவாயுவின் நற்பெயர் கரையத் தொடங்கிவிடும். எரிவாயுவைக் கப்பலில் ஏற்ற வேண்டுமானால் மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்க வேண்டும். அந்தச் செலவும் சேரும். நிலக்கரிச் சுரங்கங்களும் மீத்தேனைக் கசியவிடுகின்றன என்பதை எரிவாயுவின் எதிரிகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்து நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, கப்பலேறி எண்ணூரில் இறங்கி, கன்வேயரில் வடசென்னைக் கொதிகலன்களுக்குப் போகிறது. இத்தனை தூரம் சுமந்துவரும் சரக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். அதாவது மூன்று கப்பல் வந்தால் ஒரு கப்பல் குப்பை! நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியில் சாம்பல் குறைவு, ஆனால் ஏறக்குறைய பாதி எடை ஈரம். அந்த ஈரத்தை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பகுதி போய்விடும்.

இவ்வளவு மட்டமான எரிபொருள் ஏன் விலகவில்லை? நம்மிடம் இருப்பது அதுதான். இந்தியாவில் சுமார் 25,000 மெகாவாட் எரிவாயு நிலையங்கள் கட்டப்பட்டும், ஆந்திரக் கடலோரத்துக் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் எரிவாயு எதிர்பார்த்தபடி கைகொடுக்காததால் பெரும்பாலும் சும்மா கிடக்கின்றன. 2022 இல் ரஷ்ய எரிவாயு குறைந்ததும் ஐரோப்பா உலகச் சந்தையில் கிடைத்ததையெல்லாம் அதிக விலைக்கு வாங்கியது. பாகிஸ்தான் எரிவாயுக் கப்பல் கிடைக்காமல் மின்வெட்டில் தவித்தது. ஜெர்மனியே மூடிய நிலக்கரி நிலையங்களைத் தூசு தட்டியது. 2024 செப்டம்பர் 30 இல் கடைசி நிலக்கரி நிலையத்தை மூடிய பிரிட்டனுக்கு வடகடலில் சொந்த எரிவாயுவும் காற்றும் இருந்தன.

என் கட்சி இதுதான்: புதிதாக எரிவாயு நிலையம் வேண்டாம், சும்மா கிடப்பதை மாலையில் சூரிய மின்சாரம் அடங்கும் நேரத்துக்கு மட்டும் ஓட்டலாம். 2024 கோடையில் மின்தேவை எகிறியபோது மத்திய அரசு அந்த நிலையங்களை ஓட்டியே ஆகவேண்டும் என்று உத்தரவிட்டது. வாயுவின் விலை கசக்கும்தான்; சில மணி நேரத்துக்கு என்றால் தாங்கலாம்.