இரட்டைக் கண்ணாடி ஜன்னல்: இறங்குகிற விமானத்துக்குச் சரி, ஏறுகிற விமானத்துக்கு?

ஜன்னல் போட்டு எட்டு மாதம் ஆகிறது. போட்ட மறுநாளே ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தால் இன்றைக்கு அதை அழித்துவிட்டு வேறு எழுத வேண்டி வந்திருக்கும். நல்லவேளை, என் சோம்பேறித்தனம் காப்பாற்றியது.

வீடு பினாங்கில், சுங்கை நிபோங் பக்கம், பழைய இரட்டை மாடி வரிசை வீடு. குயின்ஸ்பே மாலுக்குப் போனவர்களுக்கு இந்த வட்டாரம் தெரியும், வெளியே நின்று அண்ணாந்தால் விமானத்தின் சக்கரத்தையே பார்க்கலாம். பினாங்கு விமான நிலையம் இருக்கிற பாயான் லெப்பாஸில் ஓடுபாதை தென்மேற்கு வடகிழக்காகக் கிடக்கிறது. அந்தக் கோட்டை வடகிழக்கே நீட்டிக்கொண்டு போனால் தொழிற்பேட்டை, குயின்ஸ்பே, அப்புறம் கடல். நாங்கள் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் ஓரம். இறங்குகிற விமானம் மூன்று டிகிரிச் சரிவில் வருவதால் கிலோமீட்டருக்குச் சுமார் 50 மீட்டர் என்று கணக்கு போட்டுக்கொள்ளலாம், அதாவது நான்கு கிலோமீட்டர் தள்ளி இருப்பவன் தலைக்கு மேல் வெறும் 200 மீட்டர் சொச்சம்தான்.

தெரிந்துதானே வீடு வாங்கினாய் என்று கேட்பீர்கள். ஆமாம், தெரிந்துதான். 1935-இல் திறந்த விமான நிலையம், மலேசியாவிலேயே பழையது, நாங்கள்தான் அதன் பக்கத்தில் வந்து குடியேறினோம். ஆனால் ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகளுக்கென்று இருந்த இடத்தில் 2019-லேயே 80 லட்சத்துக்கு மேல் வந்து போனார்கள், இப்போது 1 கோடியே 20 லட்சம் பேருக்கு இடம் இருக்கும்படி பெரிதாக்குகிறார்கள், 2028-இல் முடிப்பதாகத் திட்டம். ஃபேக்டரிகளின் மின்னணுச் சரக்கை ஏற்றிப்போகிற விமானங்கள் வேறு. அதனால் மாடியில் இருக்கும் இரண்டு படுக்கையறைக்காவது ஏதாவது செய்துவிடுவது என்று முடிவானது.

முன்பு இருந்தது நாக்கோ ஜன்னல், அந்தக் கண்ணாடிப் பட்டை பட்டையாகத் திறக்கிற சமாச்சாரம். காற்றுக்கு அதைப்போல ஒன்று கிடையாது. சத்தத்துக்கோ, இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான், மூடினாலும் பட்டைக்குப் பட்டை இடைவெளி.

கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. தவுக்கே, அதாவது கடை முதலாளி, நல்ல மனிதர், வேலையும் சுத்தம், ஆனால் கீழே சில குறைகளைச் சொல்லப்போகிறேன், அதற்காக அவர் பிழைப்பில் மண்ணைப் போட வேண்டாம். ஜூன் மாதம் வந்து அளந்தார். "பாஸ், டபுள் கிளாஸ் போட்டால் உள்ளே ஒன்றும் கேட்காது" என்றார். 6 மில்லிமீட்டர் கண்ணாடி, நடுவில் 12 மில்லிமீட்டர் காற்று, மறுபடி 6 மில்லிமீட்டர் கண்ணாடி, ஃபேக்டரியிலேயே சீல் வைத்து வருவது. ஒரு ஜன்னலுக்கு மூவாயிரம் ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இழுத்து மூடுகிற வகை வேண்டாம், கதவு மாதிரி வெளியே திறக்கிற வகையைப் போடுங்கள் என்று அவரே சொன்னார், அதற்காகவே அவருக்கு ஒரு தே தாரிக், நம் ஆற்றிய டீ, வாங்கிக் கொடுக்கலாம். இழுக்கிற ஜன்னலில் ஓரத்தில் வெறும் பிரஷ்தான் இருக்கும், காற்று புகுந்தால் சத்தமும் புகும். திறக்கிற வகையில் சுற்றிலும் ரப்பர் அழுந்தி மூடிக்கொள்ளும். உள்பக்கம் இருக்கிற கிரில்லையும் கழற்ற வேண்டியதில்லை.

முதல் ராத்திரி நான் படுக்கவே இல்லை, போனில் டெசிபல் அளக்கிற ஆப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆய்வகக் கணக்கு இல்லை, என் போன் கணக்கு. பழைய ஜன்னலில் விமானம் மேலே வரும்போது அறைக்குள் 65 தொட்டது, புது ஜன்னலில் 52, 53. பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தம் மாதிரி இருக்கும் என்பார்கள், உண்மைதான். அதைவிடப் பெரிய நிம்மதி அந்தச் சீழ்க்கை போனது. ஏர்பஸ் ஏ320 இறங்கும்போது ஒரு ஊளைச் சத்தம் வரும், கவனித்திருக்கிறீர்களா? இறக்கைக்கு அடியில் எரிபொருள் தொட்டியின் அழுத்தத்துக்காக விட்ட வட்டத் துளைகள் இருக்கின்றன, காலிப் பாட்டில் வாயில் ஊதுகிற மாதிரி காற்று அவற்றின் மேல் அடித்து ஊதுகிறது. துளைக்கு முன்னால் கையளவு தகடு ஒன்றைப் பொருத்தினால் அடங்கிவிடும், லுஃப்தான்சா 2014-இலேயே பொருத்த ஆரம்பித்தது. எங்கள் தலைக்கு மேல் போகிறவற்றில் இன்னும் ஊதுகிறவை உண்டு, காதாலேயே கண்டுபிடித்துவிடுவேன். இந்த மாதிரிக் கீச்சுச் சத்தத்தைக் கண்ணாடி அப்படியே நிறுத்திவிடுகிறது.

நவம்பர் வரைக்கும் ஊரெல்லாம் இந்த ஜன்னலைப் புகழ்ந்துகொண்டு திரிந்தேன்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் காலை, ஜன்னல் மூடித்தான் இருக்கிறது, கட்டிலே அதிர்கிற மாதிரி ஒரு உறுமல். சரி, ஏதோ ஒன்று என்று விட்டேன். மறுநாளும் அதே. அந்த வாரம் பக்கத்து வீட்டு அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "தம்பி, ரூட்ட மாத்திட்டானுங்க, நம்ம தலைக்கு மேலயே ஏத்துறானுங்க, மனு எழுதணும்" என்றார். அவர் கோபத்தில் பாதி எனக்கும் இருந்தது, ஆறாயிரம் ரிங்கிட்டுக்கு ஜன்னல் போட்டவன் நான்தானே.

அன்று ராத்திரி இரண்டு பேரும் கேட் பக்கத்தில் நின்று விமானங்கள் போகிற பாதையைக் காட்டுகிற ஃப்ளைட்ரேடார்24 ஆப்பைத் திறந்து, பழைய நாள்களையும் ஓட்டிப் பார்த்தோம். பாதையை யாரும் புதிதாக வரையவில்லை. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். நடு ஆண்டில் தென்மேற்குக் காற்று, அப்போது பெரும்பாலும் எங்கள் பக்கமிருந்து வந்து இறங்கி, அந்தப் பக்கம் கடலைப் பார்த்து ஏறுகின்றன. ஆண்டுக் கடைசியில் வடகிழக்குக் காற்று வந்ததும் எல்லாம் தலைகீழ், கடல் பக்கமிருந்து இறங்கி எங்கள் பக்கமாக ஏறுகின்றன. அதே ஓடுபாதை, அதே கோடு, திசை மட்டும் வேறு. அண்ணன் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அப்ப காத்துக்குத்தான் மனு குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தவுக்கே அளக்க வந்தது ஜூனில், என் தலைக்கு மேல் விமானம் இறங்குகிற காலத்தில். இறங்குகிற விமானம் ஊதும், ஏறுகிற விமானம் உறுமும். ஊதலை அவர் கண்ணாடி நிறுத்தியது, உறுமல் அப்படியே உள்ளே வந்தது. ஏன் என்று தேடிப் படித்ததில் தெரிந்தது இதுதான்: இரண்டு கண்ணாடியும் நடுவில் அடைபட்ட காற்றும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங் மாதிரி ஆடும், என் ஜன்னலின் கண்ணாடித் தடிமனுக்கும் இடைவெளிக்கும் அந்த ஆட்டம் 200 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது, அது உறுமல் வருகிற இடம். அந்தச் சத்தத்துக்கு இரட்டைக் கண்ணாடி தடுப்பாக இருப்பதற்குப் பதில் கூடவே தாளம் போடுகிறது. இடைவெளியை 10 சென்டிமீட்டர் ஆக்கினால் அந்த ஆட்டம் 70 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

தவுக்கேயைத் திரும்பக் கூப்பிட்டேன், முகம் சுளிக்காமல் வந்தார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். வந்தவர் ஜன்னலைத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே நிமிர்ந்தார், நானும் நிமிர்ந்தேன். ஜன்னலுக்கு மேலே காற்றோட்டத்துக்கு விட்ட ஓட்டைக் கல், வீடு கட்டிய நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது, ஒரு கையே நுழையும். மூவாயிரத்துக்குக் கண்ணாடியைப் போட்டுவிட்டு அதற்கு ஒரு சாண் மேலே வானத்தைத் திறந்தே வைத்திருக்கிறோம்! ஜூனில் அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, கேட்டிருந்தால் நாங்கள் இரண்டு பேருமே அது சுவர் என்றுதான் சொல்லியிருப்போம். உள்ளே ராக்வூல் என்கிற கல்நார்ப் பஞ்சு மாதிரியான கனிமக் கம்பளியை அடைத்து, மேலே பலகை வைத்து மூடி, ஓரத்தில் சிலிக்கான் இழுத்தார், அதற்கு 150 ரிங்கிட். என் போனில் அதிலேயே நான்கு டெசிபல் குறைந்தது. முதல் வேலையே இதுவாக இருந்திருக்க வேண்டும்.

பின்னறையில் வேறு மாதிரி செய்து பார்த்தோம். ஜூனில் போட்டதை அப்படியே விட்டுவிட்டு, உள்பக்கச் சுவரில் நாலு அங்குலம் தள்ளி இன்னொரு சட்டம், அதில் ஒற்றை லேமினேட்டட் கண்ணாடி, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ரப்பர் மாதிரி ஒரு படலம் ஒட்டியது. கிரில் நடுவில் சிறைப்பட்டுவிட்டது, தூசி தட்ட வேண்டுமென்றால் உள் சட்டத்தைத் திறக்க வேண்டும், பார்க்கவும் அழகில்லை, சீனக் கடை ஷோகேஸ் மாதிரி இருக்கிறது. ஆனால் ஏறுகிற விமானத்துக்கு இந்த அறைதான் தேவலை, முன்னறையில் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம், இங்கே பேசிக்கொண்டே இருக்கலாம். புதிதாகச் செய்கிறவர் இருக்கிற ஜன்னலைக் கழற்ற வேண்டாம், அது ஓரளவு இறுக மூடுமென்றால் அப்படியே விட்டு உள்பக்கம் ஒன்று போடச் சொல்லுங்கள், செலவும் குறைவு. நாக்கோவாக இருந்தால் மட்டும் கழற்றித்தான் ஆக வேண்டும்.

மாடி வீட்டுக்காரர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், சத்தம் கூரை வழியாகவும் வரும். எங்கள் சீலிங் மெல்லிய பலகை, அதற்கு மேல் ஓடு, நடுவில் வெறும் வெற்றிடம். அப்படி இருக்கும்போது என்ன ஜன்னல் போட்டாலும் ஓரளவுக்குத்தான். அடுக்குமாடியில் நடுத் தளத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஜன்னல் மட்டும் போதும்.

அப்புறம் வெக்கை. இதை எந்தக் கடையும் முதலில் சொல்லாது. ஜன்னலையும் ஓட்டைக் கல்லையும் அடைத்துவிட்டால் நம் ஊர் வெயிலுக்கு அறை இட்லிப் பானைதான், ஏர்கோன் இல்லாமல் அரை மணி நேரம் உட்கார முடியாது. முன்பு ராத்திரி இரண்டு மணிக்கு ஏர்கோனை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறப்போம், இப்போது விடிய விடிய ஓடுகிறது, மின் கட்டணத்தைப் பார்க்கும்போது விமானமே பரவாயில்லை என்று தோன்றுகிற மாதங்களும் உண்டு.

முன்னறை ஜன்னலுக்கு ஐந்தில் மூன்று, பின்னறைக்கு நான்கு, தவுக்கேயின் வேலைக்கு நான்கு, அவர் கொடுத்த 'ஒன்றும் கேட்காது' உத்தரவாதத்துக்கு ஒன்று. போடப்போகிறவர்கள் கடைக்காரரை ஒரு முறை நடு ஆண்டிலும் ஒரு முறை டிசம்பரிலும் வரச் சொல்ல முடியாதுதான், ஆனால் உங்கள் வீட்டுக்கு மேல் எந்த மாதத்தில் ஏறுகிறது எந்த மாதத்தில் இறங்குகிறது என்பதையாவது பார்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கீழே ஹாலுக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று விலை வாங்கி வைத்தேன், அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. 2024 டிசம்பரிலிருந்து சென்னைக்கு நேராகவே விமானம் ஓடுகிறது, அம்மாவுக்கு அது எந்த நிறம் என்று தெரியும். தலைக்கு மேல் வருகிற நாள்களில் சத்தம் கேட்டதும் கையில் இருப்பதை வைத்துவிட்டு நாக்கோவைத் திறந்து பார்ப்பார். கண்ணாடி போட்டால் எப்படிடா தெரியும் என்கிறார். ஹாலில் நாக்கோ அப்படியே இருக்கிறது.