டிஜிட்டல் கதையா, ஃபோட்டோநோவெலாவா?

அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களிடம் வீட்டு வன்முறை பற்றிப் பேச, ஃபோட்டோநோவெலா பழகிய வழி. புகைப்படங்களும் பேச்சுக் குமிழ்களும் கொண்ட ஸ்பானியக் கதைப் புத்தகம் அது. மெக்சிகோவில் பல தலைமுறைகள் படித்து வளர்ந்த வடிவம். நடிப்பவர்கள் வேறு யாரோ என்பதால் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியே வராது. குற்றத்தால் பாதிக்கப்பட்டு, விசாரணைக்கு உதவும் குடியேறிகளுக்காக 2000-இல் சட்டமான யு விசா போன்ற தகவல்களைச் சொல்ல இதுவே போதும்.

டிஜிட்டல் கதை வேறு மாதிரி. சில நாள் பட்டறையில் வட்டமாக உட்கார்ந்து, அடிபட்ட பெண் தன் அனுபவத்தைத் தானே எழுதுகிறார். தன் குரலில் பதிவு செய்து, பழைய படங்களைக் கோத்து, இரண்டு மூன்று நிமிட வீடியோவாக்குகிறார். வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும் என்று கேட்டே வளர்ந்தவர், முதல்முறையாகத் தன் கதையைத் தன் வார்த்தையில் சொல்கிறார். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதும் அவர் கையில். அச்சிட்ட புத்தகம் இதைத் தராது.

ஆனால் ஆபத்தும் இங்கேதான். கணவருக்குக் குரலே போதும், கண்டுபிடித்துவிடுவார். குடியேற்ற ஆவணம் இல்லாத பெண்ணுக்கு அந்தப் பயம் இரட்டிப்பு. இணையத்தில் ஏறியதைத் திரும்பப் பெறவும் முடியாது.

என் தேர்வு டிஜிட்டல் கதைதான். ஆனால் அதை யூடியூபில் போடக் கூடாது. ப்ரொமோத்தோரா எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளர் கூட இருக்கும் சிறிய கூடத்தில், சொன்னவரின் சம்மதத்தோடு காட்டட்டும். அப்புறம் பேச நேரம் கொடுக்கட்டும்.