10 வருசமா ஒரே காலை நிகழ்ச்சி, ஒருத்தரையும் பேசி முடிக்க விடல

மேலூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டுருந்தான். "அண்ணே, உங்க கடைல எந்நேரமும் ஓடிட்டே இருக்கும்ல, அந்த ரேடியோ மாதிரி ஒண்ணு அப்பாவுக்கு வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன், காலைல ஊர் சேதி மார்க்கெட்டு பேட்டின்னு ஒரு நிகழ்ச்சி வருமே, அது இன்னும் நல்லா இருக்கா, இல்ல ஆப்லயே கேட்டுக்கலாமா"ன்னு. ரெண்டு வரில பதில் போடலாம்னு தான் ஆரம்பிச்சேன், ஆனா இன்னிக்கு காலைல நடந்தத நெனச்சா ரெண்டு வரில அடங்காது போல.

நிகழ்ச்சி பேரும் ஸ்டேஷன் பேரும் எழுத மாட்டேன். வையவும் போறேன், அதனால.

நான் டெய்லர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதுக்க இருக்குற பழைய கல்லு மண்டபம், புது மண்டபம்பாங்க, அதுல கட வச்சிருந்தோம், இப்ப எல்லாரையும் மாத்துன பொறவு குன்னத்தூர் சத்திரத்துல. எங்க தொழில்ல கண்ணு ஊசிய விட்டு நகர முடியாது, கையும் காலும் மிஷின்ல, சும்மா கெடக்குறது காது மட்டும் தான். டிவி வச்சா விரல்ல ஊசி ஏறிரும், போன்ல வீடியோ பாத்தா சொல்லவே வேணாம். அதனால ரேடியோ எங்களுக்கு பொழுதுபோக்கு இல்ல, கத்திரிக்கோல் மாதிரி அதுவும் ஒரு சாமான்.

மொதல்ல என் ரேடியோ செட்டு பத்தி சுருக்கமா சொல்லிர்றேன். போன மாசம் தான் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் குடுத்து ரிப்பேர் பாத்துட்டு வந்தேன், 350 ரூவா. வால்யூம் திருகுனா கரகரன்னு மணல் அரைக்கிற மாதிரி சத்தம், உள்ள கார்பன் தேஞ்சு போச்சாம். கழட்டிப் பாத்தவரு சிரிச்சுட்டாரு, ஏன்னா டயல் முள்ள இழுக்குற நூலு அறுந்து ரெண்டு வருசம் முந்தி நானே மாத்திருந்தேன், மொதல்ல நம்ம 40ஆம் நம்பர் தையல் நூல கட்டுனேன், ஒரு வாரத்துல தொய்ஞ்சு போய் முள்ளு 100ல நிக்கும் பாட்டு வேற எங்கயோ வரும், அப்புறம் பை தைக்கிற நைலான் நூல மெழுகு தடவி ரெண்டு சுத்து சுத்தி விட்டேன், இன்னிக்கு வரைக்கும் அசையல. "இத மட்டும் நான் தொடலண்ணே, கம்பெனி நூல விட நல்லா இருக்கு"ன்னுட்டாரு. மீடியம் வேவ் கேக்குறதா இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்க, உள்ள ஒரு கருப்புக் குச்சி இருக்கும், அது தான் ஏரியல், அதனால செட்ட அங்குட்டு இங்குட்டு திருப்பி வச்சுப் பாக்கணும், ஒரு திசைல தெளிவா பேசும் ஒரு திசைல முனகும். அப்புறம் பக்கத்துல எல்இடி பல்பு, போன் சார்ஜர், மோட்டார் மாட்டுன தையல் மிஷின் எது ஓடுனாலும் இரைச்சல் தான். மண்டபத்துல மீடியம் வேவ்ல மதுரை ஸ்டேஷன் 1269 வச்சுக் கேட்ட காலத்துல, நல்ல பேச்சு வந்தா மோட்டார் பெல்ட்ட கழட்டிட்டு கால்ல மிதிச்சுத் தைப்பேன், கஸ்டமர் ஒரு மாதிரி பாப்பாங்க. எப்எம்முக்கு அந்தத் தொல்ல அவ்வளவா இல்ல, ஆனா மண்டபத்துல அம்புட்டுக் கல்லுக்குள்ள எப்எம் நொழையவே அடம் பிடிக்கும், ஷட்டர் கம்பில ஒரு ஒயர கொக்கி போட்டு விட்டா தான் கொடைக்கானல் 100.5 கூட ஒழுங்கா நிக்கும். இப்ப இருக்குற எடத்துல அந்தக் கவல இல்ல.

சரி நிகழ்ச்சிக்கு வர்றேன். அர மணி நேரம். அதுல எனக்கு உசுரு எதுன்னா அணை நீர்மட்டம். சிரிக்காத. நான் வெவசாயி இல்ல, ஒரு செண்டு நெலம் கெடையாது. ஆனா வைகை அணைல மொத்த ஒசரம் 71 அடி, அதுல 66 தொட்டா மொத எச்சரிக்க, 68.5ல ரெண்டாவது, 69ல மூணாவது, இதெல்லாம் நான் எந்தப் புத்தகத்துலயும் படிக்கல, மிஷின் மேல உக்காந்து கேட்டே மனப்பாடம் ஆனது. முல்லைப் பெரியாறு அணைக்கு 142 அடி. அந்தத் தண்ணி மலையக் கொடஞ்ச சொரங்கம் வழியா இந்தப் பக்கம் வந்து வைகைல சேந்து, பேரணைங்குற எடத்துல பிரிஞ்சு வாய்க்கால்ல ஓடி உங்க மேலூருக்கு கடைசியா வருது, வர்றதுக்குள்ள பாதி ஊரு குடிச்சுரும். மேலூர்க்காரவுங்க கைல நெல்லுக் காசு வந்தா எனக்கு பாவாட சட்ட ஆர்டர் வரும். தண்ணி தெறந்து விட்டாங்கன்னு காலைல ரேடியோல சொன்னா அன்னிக்கு மதியமே நான் ஒரு பண்டல் லைனிங் துணி கூடுதலா எடுத்து வைப்பேன், பக்கத்துக் கடைக்காரன் அவனும் எடுப்பான். வாசிக்கிற அம்மா, வைகை மட்டம் 50 அடிக்குக் கீழ இருந்தா கொஞ்சம் தணிஞ்ச கொரல்ல வாசிப்பாங்க, 69 தாண்டுனா கொரல்லயே ஒரு நிமிர்வு வரும், அது எனக்கு மட்டும் தான் கேக்குதா என்னன்னு தெரியல.

அப்புறம் மாட்டுத்தாவணி பூ வெல. மார்கழி தைல பனி விழுந்தா செடில மொட்டு கட்டாது, வரத்து கொறஞ்சு மல்லி கிலோ ஆயிரங்கள்ல போகும், அன்னிக்கு வீட்டுல பூ வாங்கிட்டு வரச் சொன்னா முன்கூட்டியே பதில் தயாரா வச்சுக்கலாம். பேட்டி, உடல்நலம், பழைய கோயில் கத, பரிச்ச எழுதுற பிள்ளைகளுக்கு அறிவுர, எல்லாம் வரும். நல்லாத்தான் இருக்கும்.

ஆனா ஒரே ஒரு வியாதி. யாரையும் பேசி முடிக்க விட மாட்டாங்க.

10 வருசமா கேக்குறேன், நேயர்னு போன் போட்டு ஒருத்தராச்சும் சொல்ல வந்தத முழுசா சொல்லி நான் கேட்டதில்ல. மொத ரெண்டு நிமிசம் "எங்கருந்து பேசுறீங்க, சாப்டீங்களா, மழ பெஞ்சுதா, வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க"ன்னு போயிரும். அப்புறம் அவுங்க மெதுவா வாயத் தெறந்து விசயத்துக்கு வருவாங்க, வந்து நல்ல எடம் தொடும்போது "ரொம்ப மகிழ்ச்சிங்க, நேரம் நெருங்கிருச்சு, உங்களுக்காக ஒரு பாடல்". அந்தப் பாட்டு பல்லவி சரணம் பின்னணி இசைன்னு பூராம் ஓடும். மனுசன் பேச்சு தான் பாதில நிக்கும். உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு பெரியவரு வெத்தலக் கொடிக்கால்ல வேர் அழுகலுக்கு அவுங்க தாத்தா என்ன செஞ்சாருன்னு சொல்ல வந்தாரு, "சுண்ணாம்ப எடுத்து..." அம்புட்டுத் தான். சுண்ணாம்ப எடுத்து என்னய்யா பண்ணாரு? போட்டாரா, கரச்சாரா, வெத்தலைல தடவித் தின்னுட்டு போய்ட்டாரா?

இவ்வளவு காரமா எழுதுறானே, இவனுக்கும் அங்க ஏதோ நடந்துருக்குன்னு நெனச்சிருந்தா, ஆமா, நடந்துருக்கு. ஒரு சித்திரைத் திருவிழா சமயம். கள்ளழகருக்கு வேண்டுதல் வச்சு வேசம் கட்டுவாங்கள்ல, தோப்பறங்குற தோல் பை வச்சு தண்ணி பீச்சுறவங்க, திரி எடுக்குறவங்க, அவுங்க தலைல வைக்கிற உருமா, இடுப்புல போடுற சல்லடம் எல்லாம் தைக்கிறது நாங்க தான், எங்க அத்தா, அதான் அப்பா, காலத்துல இருந்து. அதப் பத்திப் பேசச் சொல்லி அங்கருந்து கூப்ட்டாங்க, நேரலை, 6 நிமிசம். மொத நாளே வரிச பூராம் சொல்லிட்டேன், டீக்கடைல சொல்லிட்டேன், வீட்டுல அம்மாவ எழுப்பி உக்கார வச்சாச்சு. வெல்வெட் துணில ஜரிக வச்சு சல்லடம் எப்டி வெட்டணும், குறுக்கால வெட்டுனா ஏன் ஆடும்போது கிழிஞ்சுரும், சொல்லிட்டே வந்தேன், நல்லாத்தான் வந்துச்சு. "எங்க அத்தாவுக்கு இந்தத் தொழில சொல்லிக் குடுத்தவரு..."ன்னு ஆரம்பிச்சேன். நேரம் நெருங்கிருச்சுங்க.

அன்னிலருந்து எங்க வரிசைல எனக்குப் பேரே "சொல்லிக் குடுத்தவரு" தான். டீ கொண்டார பய கூட "சொல்லிக் குடுத்தவருக்கு சீனி கம்மியா"ன்னு லந்து குடுக்குறான். அந்தப் பெரியவரு யாருன்னு இங்கயே எழுதிரலாம், ஆனா அத ரேடியோல தான் சொல்லணும்னு ஒரு வீம்பு இருக்கு எனக்கு. எழுதல.

நியாயமும் பேசணும்ல. நேரலைன்னா அது ஓடுற பஸ்சு மாதிரி, டிரைவர் நெனச்சாலும் எறங்குற ஆளுக்காக கத முடியுற வரைக்கும் நிக்க முடியாது, அடுத்த நிகழ்ச்சிக்காரன் வாசல்ல நிப்பான். எங்க அத்தா ரவைக்கு 9.15 ஆனா மிஷின நிப்பாட்டிட்டு பிபிசி தமிழோசை வைப்பாரு, அதுவும் அர மணி நேரம் தான், 1941 மே 3ல ஆரம்பிச்சு 2017 ஏப்ரல் 30ல ரேடியோவுல நிப்பாட்டிட்டாங்க. சிற்றலைல கடல் அல மாதிரி சத்தம் ஏறி ஏறி எறங்கும், ஆனா அதுல ஒரு விசயத்த விரிவா சொல்ற பெட்டக நிகழ்ச்சி தொடங்குனா முடியும். முன்னாடியே பதிவு பண்ணி வெட்டி ஒட்டி வச்சதுனால முடியும். நம்ம ஆளுக காலைல கண்ணு முழிச்சு போன் போட்டு நேரா பேசுறாங்க, வெள்ளந்தியா இழுத்துத் தான் பேசுவாங்க, நானே அப்டித்தான பேசுனேன், சல்லடத்துக்கே 4 நிமிசம் எடுத்துக்கிட்டேன். அந்த தொகுப்பாளர் அம்மாவ நேர்ல ஒரு தடவ பாத்துருக்கேன், ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வந்தாங்க, அம்புட்டு மரியாதயான மனுசி. கேட்டுறலாம்னு வாய் வர வந்துச்சு, கேக்கல. ஜாக்கெட்ட மட்டும் சொன்ன தேதிக்கு முடிச்சுக் குடுத்தேன், முழுசா.

ஆப்பும் போட்டுப் பாத்தேன் தம்பி, உனக்காக தான். சத்தம் சுத்தமா இருக்கு. ஆனா நெட்டு வழியா வர்றது கொஞ்சம் பிந்தித் தான் வரும், பக்கத்துக் கடை ரேடியோல அணை மட்டம் சொல்லி முடிச்ச பொறவு என் போன்ல சொல்லுது, பழைய சேதி மாதிரி ஆயிருது. நடுவுல யாராச்சும் கூப்ட்டா நிகழ்ச்சி நின்னுரும். அப்பாவுக்குன்னா அது சரிப்படாது.

இப்ப இன்னிக்கு காலைல நடந்தது. ஒரு அம்மா பேசுனாங்க, செல்லூருன்னு நெனைக்கிறேன். 6 வயசுல எதிர்சேவைக்கு, அதான் மலைலருந்து வர்ற அழகர எதிர்கொண்டு கூப்புடுறது, அதுக்கு தல்லாகுளம் போயி கூட்டத்துல தொலைஞ்சு போய்ட்டாங்களாம். அழுதுட்டு நின்னப்ப ஒரு வளையல்காரரு தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு, வளையல் சரத்த இன்னொரு கைல பிடிச்சுக்கிட்டு, விடிய விடிய சுத்திருக்காரு, பிள்ள அழுகையில் கைல ஒரு டசன் பச்ச வளையல் மாட்டி விட்டுட்டு காசே வாங்கல. காலைல ஆத்துல அழகர் எறங்குற நேரம் அவுங்க ஆத்தா அந்த வளையல் சத்தத்த வச்சு இல்ல, அந்தப் பிள்ள தோள் மேல ஒசரத்துல இருந்ததுனால தான் கண்டுபிடிச்சாங்களாம். எங்க வரிசைல ஒரு மிஷின் ஓடல. பட்டன் வைக்கிற அக்கா ஊசிய வாய்ல கவ்விக்கிட்டு அப்டியே நிக்கிறாங்க. "அந்த வளையல்காரரு யாருன்னு நெனைக்கிறீங்க, 15 வருசம் கழிச்சு அவரே எங்க வீட்டு வாசல்ல வந்து..."

உங்களுக்காக ஒரு பாடல்.

ஆத்தாடி, நான் வஞ்ச வசவுக்கு கணக்கே இல்ல. கத்திரிய தூக்கி மேசைல போட்டதுல ஒரு சைட் மொன போச்சு, சாண பிடிக்க 60 ரூவா. காலைல இருந்து வரிச பூராம் இதே பேச்சு தான். மாமனாரா வந்துருப்பாருன்னு பட்டன் அக்கா, 15 வருசம்னா 21 வயசு, கல்யாண வயசு, கணக்கு சரியா வருதுங்குறாங்க. இல்ல, கடன் கேட்டு வந்துருப்பாருன்னு பேக் தைக்கிற அண்ணன். பழைய வளையல் காசு வாங்க வந்தாருன்னு டீக்கார பய. கஸ்டமர் ஒருத்தரு பிளவுசு வாங்க வந்தவரு உக்காந்து ஒரு முடிவு சொல்லிட்டு பிளவுச மறந்துட்டுப் போய்ட்டாரு. மதியம் சாப்பாடு வர்ற வரைக்கும் ஓடுச்சு, இம்புட்டு சிரிச்சு ரொம்ப நாளாச்சு.

அதனால தம்பி, வாங்காத. அப்பாவுக்கு பிரசர் இருக்குன்னு சொன்ன, இத கேட்டா ஏறும். அந்தக் காசுக்கு நல்ல வேட்டி எடுத்துக் குடு. மீறி வாங்குனா பென்சில் செல் போடுற செட்டு வேணாம், கட்ட செல் போடுற பெரிய செட்டா எடு, கூட கரண்ட்லயும் ஓடணும், செல்லு போட்டுட்டு பல மாசம் மறந்துறாத, கசிஞ்சு உள்ள செல்லு தொடுற தகட்ட அரிச்சுரும்.

செல்லூர் பக்கம் இருக்குறவுங்க யாருக்காச்சும் அந்த அம்மாவத் தெரிஞ்சா, வாசல்ல வந்து அந்த வளையல்காரரு என்ன சொன்னாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. கடை ரவைக்கு 9 வரைக்கும் தெறந்துருக்கும், 2லருந்து 3 சாப்பாடு.