பொதுக் கொள்கை படித்தவர்கள் எங்கே போகலாம்: கன்சல்டிங்கா, ஆய்வு நிறுவனமா, அரசு வேலையா?

ஒவ்வொரு மார்ச் மாதமும் என் மாலை நேரங்கள் போனிலேயே போய்விடும். அமெரிக்காவில் நான் படித்த பொதுக் கொள்கைப் பள்ளியில், அதாவது அரசுத் திட்டங்களை வகுக்கவும் அலசவும் கற்றுத்தரும் முதுகலைப் பள்ளியில், புதிதாக இடம் கிடைத்தவர்களை முன்னாள் மாணவர்கள் அழைத்துப் பேசுவது வழக்கம். இடம் கிடைத்தவர்கள் சேருவதா வேண்டாமா என்று ஏப்ரல் 15-க்குள் பதில் சொல்லியாக வேண்டும். மனதில் இருக்கும் சந்தேகங்களை எல்லாம் அதற்குள் எங்களிடம் கேட்டுவிடுவார்கள். ஆறு ஆண்டுகளாக இந்தத் தன்னார்வப் பணியைச் செய்கிறேன். பட்டியலில் தமிழ்ப் பெயர் வந்தால் கொஞ்சம் கூடுதல் நேரம் பேசுவேன். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: "படிச்சு முடிச்சுட்டு எங்க போறது அக்கா?"

நான் போன வழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகள் கன்சல்டிங் நிறுவனத்தில், அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் நிறுவனத்தில், இருந்தேன். அப்புறம் ஒரு மாநில அரசின் நலத்துறையில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. என் சாய்வு அரசுப் பக்கம்தான். படிப்பவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே படிக்கலாம்.

இந்தப் பள்ளிகள் பிறந்ததே அரசுக்கு ஆள் தயார் செய்யத்தான். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் பள்ளி 1924-இலும், இன்று கென்னடி பள்ளி எனப்படும் ஹார்வர்டு பள்ளி 1936-இலும் அந்த நோக்கத்தோடுதான் தொடங்கின. கணக்கு, பொருளியல், அலசல் என்று பாடத்திட்டம் மாறியது 1960-களின் இறுதியில். பெர்க்லியின் கொள்கைப் பள்ளி 1969-இல் வந்தது. இன்று எந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர் கூட்டத்துக்குப் போனாலும் மேசையைச் சுற்றி மூன்று வகை ஆட்களையும் பார்க்கலாம்.

சம்பளத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் கன்சல்டிங்கில்தான் அதிகம். ஆனால் கடன் வாங்கிப் படித்தவர்கள் 2007-இல் வந்த பொதுச்சேவைக் கடன் தள்ளுபடிச் சட்டத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அரசிலோ தகுதியுள்ள லாப நோக்கற்ற அமைப்பிலோ முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டு 120 மாதத் தவணைகள் கட்டினால், மீதியுள்ள கூட்டாட்சி மாணவர் கடன் தள்ளுபடியாகும். லாப நோக்குள்ள கன்சல்டிங் நிறுவனத்தில் இருந்தபடி கட்டிய தவணைகள் அந்த 120-இல் சேராது. என்னுடைய முதல் மூன்று ஆண்டுத் தவணைகள் அப்படித்தான் கணக்கில் வராமல் போயின.

விசாவும் அப்படித்தான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கூட்டாட்சி அரசு வேலை பெரும்பாலும் கிடைக்காது, அதற்குக் குடியுரிமை கேட்பார்கள். மாநில, மாவட்ட அரசுகளில் அந்தக் கட்டாயம் எல்லா இடத்திலும் இல்லை, ஆனால் ஊழியருக்காக விசாவுக்கு விண்ணப்பிக்கும் பழக்கம் அவர்களிடம் குறைவு. உலக வங்கி, பன்னாட்டு நிதியம் போன்றவற்றுக்கு வேறு விசா முறை. பெரிய கன்சல்டிங் நிறுவனங்களுக்கு இந்த வேலை கைவந்த கலை. இது ஒன்றுதான் உங்கள் முடிவைத் தீர்மானிக்கப் போகிறது என்றால், நான் மேற்கொண்டு சொல்வதைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். ஐந்து ஆண்டு கழித்துத் தேவைப்படும்.

கன்சல்டிங்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வேலை செய்யக் கற்றுக்கொடுத்தது அந்த இடம்தான். திங்கட்கிழமை காலை ஒன்றுமே தெரியாத ஒரு துறையைப் பற்றி, வெள்ளிக்கிழமை மாலைக்குள் அந்தத் துறையின் தலைவரிடம் கேள்வி கேட்கும் அளவுக்குத் தயாராக வேண்டும். தெளிவாக எழுதவும், எண்ணைச் சரிபார்க்கவும், கூட்டத்தை நேரத்துக்கு முடிக்கவும் அங்கேதான் படித்தேன். இருபத்தைந்து வயதில் அந்தப் பயிற்சி கிடைப்பது பெரிய விஷயம்.

ஆய்வு நிறுவனத்தில் நான் வேலை பார்த்ததில்லை. உடன் படித்தவர்கள் நான்கைந்து பேர் சொல்லக் கேட்டதை வைத்துத்தான் பேச முடியும். 1916-இல் தொடங்கிய புரூக்கிங்ஸ், 1968-இல் தொடங்கிய அர்பன் இன்ஸ்டிட்யூட் போன்ற இடங்களில் ஒரு கேள்வியோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்க முடிகிறது. உங்கள் பெயர் போட்டு அறிக்கை வெளிவருகிறது, அது மற்ற இரண்டு பாதையிலும் அபூர்வம். ஆனால் முனைவர் பட்டம் இல்லாமல் ஓரளவுக்கு மேல் உயர்வது கடினம் என்று எல்லோருமே சொல்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் தரவு சுத்தம் செய்வதிலேயே போகும், நிதி எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையில் கேள்விகளும் கொஞ்சம் திரும்பும் என்றும் கேள்விப்பட்டேன். எண்களோடு வாழ்வது பிடித்தவர்களுக்கு இது நல்ல இடமாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, இனி என் முடிவைத் தீர்மானித்த ஒரே காரணத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒரு பரிந்துரை எழுதுகிறீர்கள். அது உங்கள் கையை விட்டுப் போன பிறகு என்ன ஆகிறது என்று பார்க்க நீங்கள் அங்கே இருப்பீர்களா?

கன்சல்டிங்கில் நான் செய்த இரண்டாவது வேலை, ஒரு மாநிலத்தின் உணவு உதவித் திட்டத்தைப் பற்றியது. ஸ்னாப் எனப்படும் அந்த உதவிக்குத் தகுதி இருந்தும் பலர் விண்ணப்பத்தைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள், ஏன் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பதினொரு வாரங்கள். எழுபது, எண்பது ஸ்லைடுகள். முப்பத்து நான்காவது ஸ்லைடில் "விண்ணப்பப் படிவத்தை எளிமையாக்கவும்" என்று ஒரு வரி எழுதினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒப்பந்தம் முடிந்தது, நான் அடுத்த ஊருக்குப் போய்விட்டேன். அந்தப் படிவம் மாறியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு நான் அரசில் சேர்ந்த மாநிலம் வேறு, திட்டம் அதேதான். சேர்ந்த இரண்டாவது மாதம், விண்ணப்பங்களைப் பார்க்கும் ஊழியர் ஒருவரின் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தேன். அவர் ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளி, ஒரு கட்டத்தைப் பேனாவால் தட்டினார். "உங்களோடு வசிப்பவர்கள்" என்று கேட்டிருந்தது. வாடகை வீட்டைப் பங்கு போட்டு இருந்த ஒருவர், தன் பெயரோடு மற்ற இரண்டு பேரின் பெயரையும் வருமானத்தையும் எழுதியிருந்தார். மூவரின் வருமானமும் சேர்ந்து வரம்பைத் தாண்டியது. விண்ணப்பம் நிராகரிப்பு. ஆனால் அந்தத் திட்டத்தின் விதிப்படி குடும்பம் என்றால் ஒரே கூரையின் கீழ் வசிப்பவர்கள் எல்லோரும் அல்ல, சேர்ந்து உணவு வாங்கிச் சமைத்துச் சாப்பிடுபவர்கள் மட்டும்தான். படிவத்தில் அந்த விளக்கமும் இருந்தது, கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்.

ஒரே ஒரு வாக்கியத்தை மேலே கொண்டுவந்து வைத்தால் போதும் என்று நினைத்தேன். சட்டப் பிரிவு மறுத்தது. கணவன் மனைவியும், பெற்றோரோடு வசிக்கும் 22 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் தனித்தனியாகச் சமைத்தாலும் ஒரே குடும்பமாகத்தான் கணக்கில் வருவார்கள், நான் எழுதிய வாக்கியத்தை அப்படியே போட்டால் அது தவறு. அவர்கள் சொன்னது சரி. மறுபடி எழுதினேன். அப்புறம் கணினி அமைப்பை நடத்தும் ஒப்பந்ததாரர் அந்தத் திரையை மாற்ற ஒரு காலாண்டு கேட்டார். மொழிபெயர்ப்புகள் வர வேண்டும். ஏற்கனவே அச்சடித்து அடுக்கி வைத்திருந்த படிவங்கள் தீர வேண்டும். ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். மொத்தம் பதினான்கு மாதங்கள் ஆயின, ஒரு வாக்கியத்துக்கு.

அந்தப் பதினான்கு மாதங்களில் கற்றதை வேறு எங்கேயும் கற்றிருக்க மாட்டேன். முப்பத்து நான்காவது ஸ்லைடில் நான் எழுதிய வரி தவறில்லை, ஆனால் அதற்கு அர்த்தமே இல்லை. "எளிமையாக்கவும்" என்ற சொல்லுக்குள் ஒரு சட்டப் பிரிவு, ஒரு ஒப்பந்தம், ஓர் அச்சுக் கிடங்கு எல்லாம் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பார்க்காதவர் அடுத்த பரிந்துரையையும் அதே போலத்தான் எழுதுவார்.

கொள்கைப் படிப்பின் முன்னோடிகளுக்கு இது நன்றாகவே தெரியும். 1966-இல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு ஓக்லண்ட் நகரில் துறைமுகம், விமான நிலைய வேலைகள் வழியாக வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க 23 மில்லியன் டாலருக்கு மேல் ஒதுக்கியது. எதிர்ப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. இருந்தும் ஆண்டுகள் போன பிறகு வந்த வேலைகள் சொற்பம். அதை ஆராய்ந்து 1973-இல் எழுதிய இருவரில் ஒருவர், பெர்க்லி கொள்கைப் பள்ளியின் முதல் தலைவராக இருந்த ஆரன் வில்டாவ்ஸ்கி. அந்தத் திட்டம் நிறைவேற 30 முடிவுப் புள்ளிகளில் மொத்தம் 70 ஒப்புதல்கள் தேவைப்பட்டதாக அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஒப்புதலும் நூற்றுக்கு 99 தடவை கிடைக்கும் என்று வைத்தாலும் எழுபதும் கிடைக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்றுக் குறைவு. 95 என்று வைத்தால் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. முதலாண்டில் இதைப் படித்தபோது எனக்கு இது ஒரு தேர்வுக் கேள்வி. படிவ விஷயத்துக்குப் பிறகுதான் அந்த எழுபது பேரும் ஆளாகக் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

பெரிய அளவிலும் இதேதான். 2013 அக்டோபரில் அமெரிக்கச் சுகாதாரக் காப்பீட்டு இணையதளம் திறந்த முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் 6 பேர் என்று அரசின் உள் குறிப்புகளே சொல்லின. அந்தத் தளத்துக்கு வழிவகுத்த சட்டம் நிறைவேறி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகுதான் 2014-இல் தொழில்நுட்ப ஆட்களை அரசுக்கு உள்ளேயே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அரசுத் தணிக்கை அலுவலகமான ஜிஏஓ-வும் பரிந்துரை எழுதியதோடு விடுவதில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து எத்தனை பரிந்துரைகள் நிறைவேறின என்று கணக்கெடுத்து வெளியிடுகிறது. ஆய்வு நிறுவன மனநிலையும் வேண்டும், எழுதியதன் கதி என்ன என்றும் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு அந்த இடத்தைத்தான் சொல்வேன்.

அரசு வேலை எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்லவில்லை. பதினான்கு மாதத்தை நினைத்தாலே மூச்சு முட்டுபவர்கள் இருக்கிறார்கள், அது குறையும் அல்ல. அரசு வேலை நிலையானது என்ற பழைய வாதத்தையும் இனி அடித்துச் சொல்ல முடியாது. 1977 முதல் முதுகலைப் பட்டதாரிகளைக் கூட்டாட்சி அரசுக்குள் கொண்டுவந்த பிரசிடென்ஷியல் மேனேஜ்மென்ட் ஃபெல்லோஸ் திட்டம் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் கலைக்கப்பட்டது. அந்த வசந்தத்தில் நான் பேசியது புதிய மாணவர்களிடம் மட்டும் இல்லை. எனக்கு முன்னால் படித்து, பத்து, பதினைந்து ஆண்டு வேலை பார்த்து, ஒரே வாரத்தில் வேலை போனவர்களின் ரெஸ்யூமேக்களையும் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். ஆகையால் இப்போதைக்கு என் சிபாரிசு மாநில, மாவட்ட, நகர அரசுகளுக்குத்தான். கூட்டாட்சிப் பக்கம் எப்போது சீராகும் என்று ஊகிக்கும் அனுபவம் எனக்கு இல்லை.

வரிசை எப்படி இருக்கலாம் என்றால், முதலில் கன்சல்டிங்கில் இரண்டு மூன்று ஆண்டுகள், பிறகு அரசு என்று நான் போன வழியே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தள்ளிப்போடப் போட சம்பள வித்தியாசம் அகலமாகும், வீட்டுக் கடன் வரும், பிள்ளைகளின் பள்ளி வரும். என்னோடு சேர்ந்தவர்களில் "ரெண்டு வருஷம்தான்" என்று சொன்ன பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். சிலர் மனப்பூர்வமாக, சிலர் வேறு வழியில்லாமல்.

கடைசியாக, எங்களைப் போன்ற தன்னார்வலர்களிடம் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். கன்சல்டிங்கில் இருப்பவர்கள் கேஸ் இன்டர்வியூவுக்கு, அதாவது ஒரு பிரச்சினையைக் கொடுத்து அங்கேயே அலசச் சொல்லும் நேர்காணலுக்கு, அருமையாகத் தயார் செய்வார்கள், செப்டம்பர், அக்டோபரிலேயே அவர்களைப் பிடித்துவிடுங்கள். பல நிறுவனங்களில் ஆள் சேர்த்துவிட்டால் ஊக்கத்தொகை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். ஆய்வு நிறுவனத்தில் இருப்பவர்கள் நீங்கள் எழுதியதைப் பொறுமையாகப் படித்துத் திருத்துவார்கள். அரசில் இருப்பவர்களுக்குக் கட்டுப்பாடு அதிகம். கூட்டாட்சி ஊழியர் தன் பதவியின் பெயரைச் சொல்லிப் பள்ளிக்கு நன்கொடை கேட்க முடியாது. அறிவிப்பு, விண்ணப்பம், மதிப்பெண் என்று ஆள் எடுக்கும் முறையில் உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லவும் இடம் குறைவு. அவர்கள் கொடுக்கக்கூடியது பெரும்பாலும் தங்கள் வேலையைப் பற்றிய விவரம்தான்.

போன மார்ச்சில் பேசிய ஒரு பெண்ணிடம், யாரோடு பேசினாலும் கேட்கச் சொல்லி ஒரு கேள்வி கொடுத்தேன்: "நீங்கள் எழுதியதில் இன்றைக்கு நடைமுறையில் இருக்கும் ஒன்றைக் காட்ட முடியுமா?" ஏழு பேரிடம் கேட்டாளாம். மூன்று பேர் உடனே ஏதோ ஒன்றைக் காட்டினார்களாம். அதில் ஒருவர், சாலையோரம் நிறுத்தியிருந்த காரிலிருந்து போனைத் திருப்பி, ஒரு பேருந்து நிறுத்தத்தின் கால அட்டவணையைக் காட்டியிருக்கிறார்.