ஸ்டீம்போட்டா, பார்க் சிட்டியா: பிள்ளை வளர்க்க எந்தப் பனிமலை ஊர்?

கொலராடோவின் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ், யூட்டாவின் பார்க் சிட்டி இரண்டுமே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கின்றன. இரண்டிலும் நல்ல அரசுப் பள்ளிகள், இலவச நகரப் பேருந்து, மைல்கணக்கில் சைக்கிள் பாதை எல்லாம் உண்டு. விடுமுறைக்கு வந்து போகிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. குடியேற நினைப்பவர் பனியைக் கொஞ்சம் மறந்துவிட்டு, ஊரைவிட்டு வெளியே போகும் சாலையைப் பார்க்க வேண்டும். மற்ற வேறுபாடுகளில் பாதி அந்தச் சாலையிலிருந்துதான் கிளைக்கின்றன.

பார்க் சிட்டியிலிருந்து ஐ-80 நெடுஞ்சாலையில் பார்லீஸ் பள்ளத்தாக்கு வழியாக இறங்கினால் சால்ட் லேக் சிட்டி விமான நிலையம் சாதாரண நாளில் 40 நிமிடம். டெல்டா நிறுவனத்தின் மைய விமான நிலையம் என்பதால் ஆண்டு முழுக்க நேரடி விமானங்கள் உண்டு. பிரைமரி சில்ட்ரன்ஸ் குழந்தைகள் மருத்துவமனையும் ஏறத்தாழ அதே தொலைவுதான். பனிப்புயலில் லாரிகள் குறுக்கே சறுக்கி நின்று பள்ளத்தாக்குச் சாலை சில மணி நேரம் மூடப்படுவது உண்டு. ஆனாலும் கணவன் மனைவி இருவரும் நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு மலையில் வாழ முடிகிற ஊர் இது.

ஸ்டீம்போட் அப்படியில்லை. டென்வர் போக, சாலை காய்ந்திருந்தாலே மூன்று மணி நேரம். முதலில் 9,426 அடி உயர ராபிட் இயர்ஸ் கணவாய், பிறகு நீண்ட இருவழிச் சாலை, கடைசியில் ஐ-70இன் வார இறுதி நெரிசல். ஹேடன் விமான நிலையம் 25 மைலில் இருக்கிறது. ஆனால் பனிப் பருவம் முடிந்ததும் அங்கே நேரடி விமானங்கள் சுருங்கிவிடும். உள்ளூர் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பார்கள். கை கால் முறிவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பனிச்சறுக்கு ஊர்களில் எலும்பு மருத்துவத்துக்குக் குறை இருக்காது. குழந்தைகளுக்கான இதய, நரம்பியல் நிபுணர்கள் என்றால் டென்வருக்கும் கிழக்கே, ஆரோராவிலுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை சிறப்பு மருத்துவரிடம் காட்ட வேண்டிய குழந்தை வீட்டில் இருந்தால், மேற்கொண்டு யோசிக்காமல் பார்க் சிட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு ஊரிலும் புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் டயர். நான்கு சக்கர இழுவை வண்டி இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்த இழுவை, வண்டியைக் கிளப்பத்தான் உதவும்; நிறுத்துவது டயரின் ரப்பர். குளிரில் சாதாரண ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்துவிடும். மூன்று சிகர மலையும் பனித்துகளும் பொறித்த குளிர்கால டயர் நான்கையும் அக்டோபரிலேயே மாட்டிவிடுங்கள். கொலராடோவில் இழுவைச் சட்டம் (பனிச்சாலைக்கு ஏற்ற டயர் வேண்டும் என்ற விதி) அமலாகும்போது டயர் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 3/16 அங்குலம் இருக்க வேண்டும்.

இனி ஸ்டீம்போட்டின் துருப்புச் சீட்டு. பெரிய மலையைச் சொல்லவில்லை, ஊருக்கு நடுவே ஆற்றின் அக்கரையில் நிற்கும் ஹவல்சன் ஹில்லைச் சொல்கிறேன். 1915 முதல் இடைவிடாமல் இயங்குகிறது. கொலராடோவில் இதைவிடப் பழமையாகத் தொடர்ந்து நடக்கும் பனிச்சறுக்கு இடம் கிடையாது. சொந்தக்காரர் நகராட்சி. உயரம் 440 அடிதான், ஆனால் சரிவு செங்குத்து. ஸ்கீ ஜம்ப் மேடைகளும், இருட்டிய பிறகு சறுக்க விளக்குகளும் உண்டு. நார்வேயிலிருந்து வந்த கார்ல் ஹவல்சன் தொடங்கிவைத்த குளிர்கால விளையாட்டுச் சங்கம் 1914இலிருந்து இங்கே பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறது. இது ஏன் முக்கியம் என்றால், பள்ளி விட்டதும் ஊருக்குள்ளேயே குன்றுக்குப் போய், இரண்டு மணி நேரம் சறுக்கிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். வேலையை விட்டுவிட்டு யாரும் காரோட்ட வேண்டியதில்லை. வார நாளில் சறுக்குவது சாதாரண விஷயமாக இருக்கும் ஊரில் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்கிறார்கள். இத்தனை சிறிய ஊரிலிருந்து இத்தனை ஒலிம்பிக் வீரர்கள் வந்ததற்கு இந்தக் குன்றைவிட நல்ல விளக்கம் கிடையாது.

பார்க் சிட்டியில் 2002 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய யூட்டா ஒலிம்பிக் பார்க் இருக்கிறது. ஜம்ப் மேடைகள், பாப்ஸ்லெட் என்ற பனிச்சறுக்கு வண்டிக்கான தடம், தேர்ந்த பயிற்சியாளர்கள் என்று வசதியில் குறை சொல்ல முடியாது. 2034 போட்டிகளும் யூட்டாவுக்கே என்பதால் முதலீடும் தொடரும். ஆனால் அது ஊருக்கு வெளியே கிம்பல் ஜங்ஷன் பக்கம். யாராவது கொண்டுபோய் விட்டு, திரும்ப அழைத்து வர வேண்டும். தேர்ந்த பயிற்சி தேடும் பதினான்கு வயதுக்குப் பார்க் சிட்டி, ஏழு வயதுக்கு ஸ்டீம்போட் என்பேன்.

செலவைப் பற்றி ஒன்று. பந்தயக் குழுவில் சேர்ந்த பிள்ளைக்கு ஒரு ஜோடி ஸ்கீ போதாது. கம்பங்களுக்கு இடையே வளைந்து இறங்கும் ஸ்லாலம் பந்தயத்துக்கு ஒன்று, கம்பங்கள் இன்னும் தள்ளி நிற்கும் ஜயன்ட் ஸ்லாலமுக்கு ஒன்று, ஸ்கீக்குப் பூச மெழுகு, வெளியூர்ப் போட்டிகள் என்று போகும். தொடக்கநிலைப் பிள்ளைக்கு விலைக்கு வாங்கவே கூடாது. இலையுதிர் காலத்தில் இரண்டு ஊரிலும் பழைய சாமான் விற்பனை நடக்கும், கடைகளில் பருவ வாடகையும் உண்டு. பூட்ஸ் அளவு சென்டிமீட்டரில் இருக்கும். வளரும் என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்தால் குதிகால் உள்ளே தூக்கி, ஸ்கீ சொன்ன பேச்சைக் கேட்காது.

பெரிய மலைகளில் அவ்வளவு சிக்கல் இல்லை. பல மலைகளுக்கும் சேர்த்து விற்கும் பருவச் சீட்டுகளில் எது எங்கே செல்லும் என்று பார்த்தால் போதும். பார்க் சிட்டி மவுன்டன் 7,300 ஏக்கர், எபிக் பாஸ். பக்கத்து டியர் வேலியும் ஸ்டீம்போட்டும் ஐகான் பாஸ். டியர் வேலியில் ஸ்னோபோர்டுக்கு அனுமதி கிடையாது. பிள்ளைகளில் ஒன்று ஸ்கீ, ஒன்று போர்டு என்றால் அந்த மலையை இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். பார்க் சிட்டிக்குள் நுழைய 224, 248 என்று இரண்டே மாநிலச் சாலைகள். சறுக்குபவர்கள் மலையிறங்கும் மாலை வேளையில் இரண்டும் ஊர்ந்துதான் போகும். உயர்நிலைப் பள்ளி 248இன் மேலேயே இருப்பதை வீடு பார்க்கும்போது நினைவில் வையுங்கள்.

வீடு பார்க்கும்போது அடுத்த கண்ணி முகவரி. 'பார்க் சிட்டி' என்று தபால் முகவரி உள்ள வீடுகள் எல்லாம் பார்க் சிட்டி பள்ளி மாவட்டத்தில் (அரசுப் பள்ளிகளை நடத்தும் எல்லைப் பகுதி) இல்லை. ஜோர்டனெல் ஏரிப் பக்கத்து ஹைட்அவுட் வாசாட்ச் கவுண்டியில் (மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பகுதி) வருகிறது, பள்ளியும் அந்தக் கவுண்டியுடையது. ஜெரமி ராஞ்ச், பைன்புரூக் போன்றவை நகராட்சிக்கு வெளியே இருந்தாலும் பார்க் சிட்டி பள்ளிகளுக்கே உரியவை. ஸ்டீம்போட் பக்கத்திலும் இதே கதை: ஸ்டேஜ்கோச் ஏரிப் பகுதியில் வீடு மலிவு, பள்ளி சவுத் ரவுட் மாவட்டம். தரகர் வாய்வார்த்தையை நம்பாமல் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் மனை எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள்.

விலை இரண்டிலும் தலைசுற்ற வைக்கும். ஸ்டீம்போட்டில் தனிவீடு பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது, பார்க் சிட்டி நகர எல்லைக்குள் அதைவிட மிக மேலே. ஸ்டீம்போட்டில் 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டத் திட்டமிட்ட பிரவுன் ராஞ்ச் நிலத்தை ஊரோடு சேர்க்க 2024 மார்ச் வாக்கெடுப்பில் மக்கள் மறுத்துவிட்டார்கள். ஆகவே சீக்கிரத்தில் விலை இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம். ஆசிரியர்களும் செவிலியர்களும் ஹேடன், கிரெய்க் போன்ற ஊர்களிலிருந்து தினமும் வந்து போகிறார்கள். பார்க் சிட்டிக்கு அதே வேலையை ஹீபரும் சால்ட் லேக்கும் செய்கின்றன. பார்த்துவைத்த தெருவுக்கு நவம்பர் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணிக்குப் போய், எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் இருட்டாக இருந்தால் அங்கே உங்கள் பிள்ளைக்கு விளையாட்டுத் துணை கிடைக்காது.

பார்க் சிட்டி பழைய வெள்ளிச் சுரங்க ஊர். பிராஸ்பெக்டர் பகுதியின் அடியில் ஈயம் கலந்த சுரங்கக் கழிவு மண் கிடக்கிறது. அதனால் நகராட்சி வரையறுத்த எல்லைக்குள் உள்ள மனைகளில் 6 அங்குலத்துக்குச் சுத்தமான மண் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. தவழும் குழந்தை இருந்தால் அந்த மனைக்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

மாநில அளவிலான சலுகைகளில் கொலராடோ ஒரு படி மேல். 2024 முதல் பிறப்பு, தத்தெடுப்புக்கு 12 வாரம் வரை ஊதியத்தில் ஒரு பங்குடன் விடுப்பு கிடைக்கிறது. கிண்டர்கார்டனுக்கு முந்தைய ஆண்டில் பாலர் பள்ளி வாரம் 15 மணி நேரம் இலவசம். யூட்டாவில் தனியார் ஊழியருக்கு அப்படியொரு மாநில விடுப்புத் திட்டம் இல்லை. பதிலுக்கு அங்கே, குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் 45 சதவீதத்துக்குச் சொத்து வரி விலக்கு உண்டு. விடுமுறை வீடாக இருந்ததை வாங்கினால் அந்த விலக்கு தானாக வராது. கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பம் போடாவிட்டால் முழு மதிப்புக்கும் பில் வரும்.

குளிரில் ஸ்டீம்போட் கடுமை. யாம்பா பள்ளத்தாக்கில் இரவில் குளிர்காற்று இறங்கித் தேங்கிக் கிடக்கும். கொலராடோவின் மிகக் குறைந்த வெப்பநிலை, மைனஸ் 61 ஃபாரன்ஹீட், 1985இல் பதிவானது இதே ஆற்றின் கீழ்ப்போக்கிலுள்ள மேபெல்லில்தான். பார்க் சிட்டியின் தலைவலி வேறு: குளிர்காலத்தில் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் புகை மூடிக்கொள்ளும். மேலே இருக்கும் பிள்ளைகள் தப்பிவிடுவார்கள், தினமும் கீழே வேலைக்குப் போகும் பெற்றோர் தப்ப மாட்டார்கள்.

வீட்டிலிருந்தே வேலை, ஆரோக்கியமான சிறு பிள்ளைகள், அடிக்கடி விமானம் ஏறத் தேவையில்லை என்றால் ஸ்டீம்போட். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் பார்க் சிட்டி. எதுவானாலும் முதல் ஆண்டு வாடகைக்கு இருங்கள். ஏப்ரலில் தொடங்கி நவம்பரில் முடியும் ஒப்பந்தத்தை வீட்டுக்காரர் உங்களிடம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். பருவம் தொடங்கியதும் சுற்றுலாப் பயணிகளுக்கு விடத்தான் அந்தத் தேதி. பன்னிரண்டு மாத ஒப்பந்தம் கேளுங்கள், கூரைப் பனியையும் வாகனப் பாதைப் பனியையும் அகற்றுவது யார் பொறுப்பு என்பதை அதிலேயே எழுதி வாங்குங்கள்.