த்ராம்போஎக்ஸாக்ட்: பிளேட்லெட் எண்ணுவதற்கு மட்டும் ஒரு டியூப்

ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 38,000. ஆனால் நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை, தோலில் சிவப்புப் புள்ளிகூட இல்லை. ஸ்மியர் போட்டு (ரத்தத்துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து) அதன் வால்முனையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பிளேட்லெட்கள் கொத்துக் கொத்தாய் ஒட்டிக் கிடக்கின்றன. மெஷினுக்கு அந்தக் கொத்து பிளேட்லெட்டாகத் தெரியாது. சில சமயம் லிம்போசைட் என்ற வெள்ளணுக் கணக்கில் சேர்த்து வெள்ளணு எண்ணிக்கையையும் ஏற்றிவிடும்.

காரணம் ஊதா மூடி டியூபில் இருக்கும் ஈடிடிஏ. ரத்தம் உறையாமலிருக்க அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் போனதும் பிளேட்லெட் மேலுள்ள ஒரு புரதம் உருமாறி, மறைந்திருந்த பகுதி வெளியே வருகிறது. அதற்கு எதிர்ப்பொருள் உள்ளவர்கள் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர். நேரம் போகப்போகக் கொத்தும் பெருகும்.

ஜெர்மனியின் சார்ஸ்டெட் நிறுவனம் தயாரிக்கும் த்ராம்போஎக்ஸாக்ட் என்ற இந்த 2.7 மி.லி. டியூபில் ஈடிடிஏவுக்குப் பதில் இருப்பது மக்னீசியம் சல்பேட். கால்சியத்தைப் பறிக்காமல் அதோடு போட்டியிட்டே உறைதலையும் ஒட்டுதலையும் இது தடுக்கிறது. எடுத்த 12 மணி நேரத்துக்குள் எண்ணிவிட வேண்டும்.

வழக்கமான மாற்றுவழி நீல மூடி டியூபில் இருக்கும் சிட்ரேட் என்ற உறைதடுப்புத் திரவம். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் சேர்ந்து ரத்தம் நீர்த்துவிடுவதால் வந்த எண்ணை 1.1ஆல் பெருக்குவோம். தப்பு நடப்பது இங்கேதான்: 0.3 மி.லி. சிட்ரேட்டில் 2.7க்குப் பதில் 1.8 மி.லி. ரத்தம்தான் விழுந்தது என்றால் பெருக்க வேண்டியது 1.17. தெரியாமல் 1.1 போட்டால் உண்மையான 2 லட்சம் 1.89 லட்சமாகிவிடும். தவிர, சிலருக்கு சிட்ரேட்டிலும் கொத்து விழும். மக்னீசியம் டியூப் கைகொடுப்பது அவர்களுக்குத்தான்.

குறைகளும் உண்டு. ஹீமோகுளோபின், வெள்ளணு எதையும் இதில் பார்க்கக் கூடாது. எல்லா ரத்த அணுக்களையும் எண்ணும் சிபிசிக்கு ஊதா டியூப் தனியாக வேண்டும். டியூபும் ஊசியும் சார்ஸ்டெட்டின் சொந்த மோனோவெட் முறை. சாதாரண வேக்குவம் ஊசியில் நேராகப் பொருந்தாது. நரம்பு கிடைக்காமல் இழுத்து இழுத்து எடுத்த ரத்தம் ஏற்கெனவே கட்டியிருந்தால் எந்த டியூபும் காப்பாற்றாது. முதலில் மரக்குச்சி விட்டுக் கட்டி இருக்கிறதா என்று துழாவிப் பாருங்கள்.

சின்ன லேப் பெட்டிக் கணக்கில் வாங்கிக் காலாவதியாக்க வேண்டாம். முதலில் சிட்ரேட் போதும். எதில் எண்ணினாலும் ரிப்போர்ட்டில் 'ஈடிடிஏவில் கொத்து' என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆஸ்பத்திரியில் பழைய 38,000ஐப் பார்த்துப் பிளேட்லெட் ஏற்ற ஆள் தேடுவார்கள்.